இரண்டு மழைக்கு நடுவில்

மலையடிவாரத்தில் உட்கார்ந்து கணுக்காலில் வேப்பெண்ணெயைத் தேய்த்தாள். கையில் மிஞ்சியதை ஷூ ஓரத்தில் தடவினாள்.

நனைத்த புகையிலையைத் துணியில் முடிந்து ஒரு குச்சியின் நுனியில் கட்டினாள். காலில் அட்டைப்பூச்சி ஒட்டினால் இதைத் தொட்டு வைக்க வேண்டும். விழுந்துவிடும்.

இதெல்லாம் அவள் புருஷன் செய்கிற வேலை. அவர் மாசியில் செத்துப்போனார்.

கருமாதி முடிந்த கையோடு மலையேறிவிட்டாள் என்று ஊர் பேசும்.

பேசட்டும்.

வெயில் காலத்தில் புல்லெல்லாம் உண்ணி. சித்திரையில் முதல் மழை பெய்தால் உண்ணி அடங்கும். அடுத்த மழைக்கு அட்டை கிளம்பும். இரண்டு மழைக்கும் நடுவே கிடைக்கும் நாலைந்து நாளில்தான் மலையேற வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

அந்த நாலைந்து நாள் சில வருஷம் வரவே வராது. வந்தாலும் பல வருஷம் அவருக்கு நம்பிக்கை வராது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்பார்.

போன வருஷமும் அதைத்தான் சொன்னார்.

உண்ணிக்கும் அட்டைக்கும் பயந்த மனுஷன் வீட்டுக்குள், ஃபேனுக்குக் கீழே, சாப்பிட்ட கை காய்வதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் மழை வந்தது. மழைக்கு யார் போய்த் துக்கம் சொல்வது?

அவள் பையை எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, கொழுந்தன் நேற்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

“சாவு விழுந்த வீடு மதினி. தீட்டு. வருஷம் திரும்புற வரைக்கும் மலையேறக் கூடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

தீட்டு என்றதைக்கூடப் பொறுத்திருப்பாள். கடைசியில் சொன்னதில்தான் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

இன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

உச்சியில் கோயில்கூடக் கிடையாதாம். புல்லும் காற்றும்தானாம். அப்புறம் யாருக்குத் தீட்டு?

சோலைக்குள் பாதி வழி போனபோது இரண்டாவது மழை பிடித்துக்கொண்டது.

அவர் கணக்குப்படி இன்னும் நாள் இருந்தது. மழைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை.

காலடியில் சருகுகள் நெளிய ஆரம்பித்தன. நூல் நூலாக எழுந்து நின்று, மோப்பம் பிடித்து ஆடின.

அவர் இருந்திருந்தால் இந்நேரம் திரும்பியிருப்பார்.

பயமாகத்தான் இருந்தது.

ஏறினாள்.

சோலை முடிகிற இடத்தில் ஒரு பாறை. உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். சாக்ஸுக்குள் ஒன்று குடித்துக் கொழுத்துக் கிடந்தது.

குச்சியால் தொட்டாள். சுருண்டு விழுந்தது.

ரத்தம் கோடாக இறங்கியது. வலிக்கவே இல்லை.

இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம்?

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலை நீட்டி, பக்கத்தில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“பாருங்க, கடிச்சிருச்சு. என்ன ஆயிப்போச்சு?”

மழைதான் பெய்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஏறி வந்த வருஷங்களிலும் அவர்களுக்கு மலை இந்தப் பாறையோடு சரி. கட்டுச்சோற்றைத் தின்று கை கழுவியதும், போதும், இறங்குவோம் என்பார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்குவாள். பஸ் ஏறும்வரை பேசமாட்டாள்.

இன்றைக்கு, போதும் என்று சொல்ல ஆள் இல்லை.

அதற்குத்தான் அழுகை வந்தது. கருமாதியன்றுகூட இப்படி வரவில்லை. யாரும் இல்லாத தைரியத்தில் வாய்விட்டு அழுதாள்.

பிறகு ஷூவை மாட்டினாள்.

புல்மேட்டுக்கு அப்பால் பாதை எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது.

அழுதுகொண்டே ஏறினாள்.