அணியத்துப் பாரம்

மூன்றாம் தடவையும் சிவகரனின் படகு மூக்கைத் தூக்கியது.

திரும்பி வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று எஞ்சினை மறுபடி சாய்த்தேன். முல்லைத்தீவுக் கரையில் காலையிலிருந்து நான் எஞ்சின் திருத்தும் நாலாவது படகு இது. முதுகு விண் விண்ணென்று வலித்தது. ஐம்பத்தாறு வயதில் இந்த வேலை தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. படகின் முன்முனையில், அணியத்தில், ஒரு ஆள் இருந்தால் அந்தப் பாரத்துக்கு அது படிந்து ஓடும். இல்லாவிட்டால் வானத்தைப் பார்க்கும். வேகமும் வராது, எண்ணெயையும் குடித்துத் தள்ளும். எஞ்சினின் சாய்வைப் பிடித்து நிறுத்தும் பின்னை வேறு ஓட்டையில் மாற்றிப் போட்டுத்தான் படிய வைக்க வேண்டும்.

சிவகரனின் படகில் அந்தப் பாரம் அவன் மனைவி கௌசலாதான். கூலிக்கு ஆள் பிடிக்காத கஞ்சன் என்று ஊரே அவனை நக்கலடிக்கும்.

இப்போது அவளுக்கு முள்ளந்தண்டு விலகிவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் செத்துப் பிழைக்கிறாள். இனிப் படகில் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"எப்பிடியாவது நான் தனிய ஓடுற மாதிரிச் செய்து தாங்கோ, நானா. இவளைக் கரையிலை விடோணும்," என்று விடியவே போனில் அழாக்குறையாகச் சொன்னான் சிவகரன். என்னை 'நானா', அண்ணா, என்று கூப்பிடுகிறவன்; அதனால்தான் வந்தேன்.

பின்னைப் படகுக்குக் கிட்டிய ஓட்டையில் போட்டுவிட்டு, நானே தனியாக ஓட்டிப் பார்த்தேன்.

அல்லாவே! அணியம் தண்ணீரோடு படிந்து, படகு பறந்தது. களைப்புப் போகவில்லை. ஆனாலும் மனதுக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு மனுசி இனி நிம்மதியாக வீட்டில் படுத்து எழும்பலாம்.

கரைக்கு வந்ததும், "சரி, இனித் தனிய ஓடலாம்," என்றேன். சிவகரன் முகமெல்லாம் சிரிப்பாக ஏறி எஞ்சினடியில் உட்கார்ந்தான்.

கரையில் நின்ற கௌசலாவும் தண்ணீரில் இறங்கி வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அணியத்தில் ஏறினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடும் வீணா!

"என்ன தங்கச்சி இது? அணியம் படிஞ்சு ஓடினது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

சிவகரனின் சிரிப்பு நின்றது. அவள் என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சுது, நானா. அவருக்குத்தான் ரெண்டு வருசமா கண் ஒண்டும் தெரியாது; என்ரை நோவுக்காகத் தனியப் போறன் எண்டு நிக்கிறார். வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பிறகு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். சிவகரன் எஞ்சினைக் கிளப்பினான்.

"முன்னுக்கு ஒரு வள்ளம் நிக்குது. வலப்பக்கம் எடுங்கோ," என்று உரக்கச் சொன்னாள்.

சிவகரன் வலப்பக்கம் எடுத்தான்.