பதினைந்து வயசுப் பையனின் பாஷை

"விடும்மா, கை வலிக்குது!"

ஹமாமட்சு ரயில் நிலையத்தின் டிக்கெட் வாசலுக்கு வெளியே, யுகாரி தன் மகள் கனோனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலவே நகர்ந்தது.

"நூலகத்துக்குப் போறேன்னுதானே சொன்ன? நாலு ஸ்டேஷனா உன் பின்னாடியே வர்றேன். யாரைப் பார்க்க வந்த?"

பதின்மூன்று வயது கனோன் தலைகுனிந்துகொண்டாள். "நெட்ல பழக்கமான ஃப்ரெண்டு. பதினஞ்சு வயசுப் பையன்."

"பையனா? நேத்து சாயங்காலம் நீ குளிக்கப் போனப்ப உன் போனைப் படிச்சேன்டி." யுகாரி மகளின் முகத்தை நிமிர்த்தினாள். "உன் வயசுப் பசங்க சிரிப்பு வந்தா என்ன எழுதுவீங்க?"

"'புல்'லுன்னு எழுதுவோம். சிரிப்புக்குப் போடற 'டபிள்யூ' எழுத்து வரிசையா நின்னா புல்லு முளைச்ச மாதிரி இருக்கும்ல, அதான்."

"அவன் ஒரு இடத்துலயாவது அப்படி எழுதியிருக்கானா? மன்னிப்புக் கேட்க ஓ, ஆர், இஸட்னு மூணு எழுத்தைப் போடறான். ஓ தலை, ஆர் கை, இஸட் மடக்கின கால். ஒருத்தன் தரையில மண்டி போட்டுக் கிடக்கிற மாதிரி. 'வேணும்'னு சொல்ல 'கிபோன்னு'ங்கறான். இதெல்லாம் நான் காலேஜ் படிச்சப்ப நெட்ல எழுதினது. இன்னைக்கு எந்தப் பையனும் இப்படி எழுத மாட்டான். அவனுக்கு நாப்பது வயசுக்குக் குறையாது!"

கனோன் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள்.

"உன் படத்தை அனுப்பச் சொன்னானா? உண்மையைச் சொல்லு. நான் படிக்கறதுக்குள்ள அழிச்சிட்டியா?"

"இல்லம்மா. ஒரு தடவைகூடக் கேக்கல."

"பின்ன என்னதான் கேட்டான்?"

"குளிர்காலத்துல இன்னும் மூச்சு இழுக்குதான்னு கேட்டாரு."

யுகாரி பல்லைக் கடித்தாள். "அக்கறை காட்டித்தான் வலை விரிப்பானுங்க. அப்பா இல்லாத பொண்ணுன்னு தெரிஞ்சிருக்கு, அது போதாதா அவனுக்கு?" சொல்லும்போது அவள் பார்வை மகளைவிட்டு விலகியது.

பெரிய கடிகாரத்துக்குக் கீழே சாம்பல் நிறத் தொப்பியும் முகக்கவசமும் போட்ட ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு காகிதப் பை. போவோர் வருவோரில் சிறுமிகளின் முகங்களை மட்டும் தேடித் தேடிப் பார்த்தான்.

யுகாரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அந்த ஆளா? எதிர்லயே காவல் சாவடி இருக்கு. வா, இன்னைக்கு அவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்."

"வேணாம்மா! போலீஸ் வேணாம்!" கனோன் இப்போது அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அவரு வயசு எனக்குத் தெரியும். நாப்பத்தி மூணு. போன மாசமே அவரா உண்மையைச் சொல்லிட்டாரு. நீ பார்த்துடக் கூடாதுன்னு அதை மட்டும் அழிச்சிட்டேன்."

யுகாரி அப்படியே நின்றுவிட்டாள். பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"தெரிஞ்சுமா தனியா வந்த? உனக்கென்ன பைத்தியமா? பெத்தவகிட்டப் பொய் சொல்லிட்டு வந்து பார்க்கிற அளவுக்கு அவன் யாருடி உனக்கு?"

கனோனின் கண்கள் நிறைந்தன. ஆனால் அவள் குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

"செத்துப்போயிட்டாருன்னு நீ சொன்னியே, அந்த அப்பா."