ஆபீசருக்கு உபசாரம்

"சார், கோட்டைக் கழட்டி இப்படிக் குடுங்க. வெயில்ல வந்திருக்கீங்க, பாவம்!"

நாத்தனார் குழைந்த குழைவைப் பார்த்து அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கப்பல் புகைக்கு எதிராகத் தெருவே கூடி ஆரம்பித்த சங்கத்துக்கு அண்ணிதான் செயலாளர். வந்திருப்பவரோ, எல்லாம் உங்கள் கற்பனை என்று மூன்று மனுக்களைத் திருப்பி அனுப்பிய துறைமுக ஆபீசர்.

மொட்டைமாடிக்கு நேர் எதிரே உல்லாசக் கப்பல் பத்து மாடி உயரத்துக்கு நின்றது. கரையில் நிற்கும்போதுகூட அது இன்ஜினை அணைப்பதில்லை. அது வருகிற நாளெல்லாம் அண்ணியின் மகளுக்கு இழுப்பு வந்துவிடும். நிற்கும்போதாவது அணைக்கச் சொல்லி இந்த மனிதர் எழுதிக் கொடுத்தால் போதும். இத்தனை அலைச்சலும் அதற்குத்தான்.

"மனுவோட கறுத்த துணியப் பார்சல்ல அனுப்பினா ஆச்சா? அடுப்புக்கரியத் தேய்ச்சீங்களோ என்னவோ, யார் கண்டா?" என்றார் ஆபீசர். "என் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன்."

"நியாயம்தானே சார்!" என்றாள் நாத்தனார். அவள் கீழே தையல் கடை வைத்திருப்பவள். வெள்ளைத் துணி ஒன்றால் நாற்காலியை இரண்டு முறை துடைத்து, துணியையும் அவரிடம் விரித்துக் காட்டினாள். "துளி அழுக்கு இல்ல, உக்காருங்க. அடடா, சட்டை பால் மாதிரி இருக்கே! அண்ணி, கப்பலும் தெரியுற மாதிரி சாரை ஒரு போட்டோ எடுங்க. ஞாபகமா இருக்கட்டும்."

ஆபீசர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அண்ணி வேண்டாவெறுப்பாக எடுத்தாள்.

கீழே மகள் இருமும் சத்தம் கேட்டது. அண்ணி நாத்தனாரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தாள். "வெக்கமா இல்ல உனக்கு? நம்ம புள்ள இருமிச் சாகுது, நீ அந்தாளுக்கு ஐஸ் வைக்கிறே!"

"நீங்க போய்க் கொழந்தையப் பாருங்க அண்ணி. சாரை நான் பார்த்துக்கறேன்."

மருந்தைக் கொடுத்து மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள் அண்ணி. மேலே ஒரே சிரிப்பு. நாத்தனார் இரண்டு தடவை இறங்கி வந்து டீ போட்டாள். இரண்டு தடவையும் டம்ளரைத் தட்டுப் போட்டு மூடித்தான் எடுத்துப் போனாள். வீட்டு ஆட்களுக்கு ஒருநாள் இப்படிச் செய்திருப்பாளா என்று அண்ணிக்கு வயிறு எரிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து அண்ணி மாடிக்கு வந்தபோது, 'மாசு எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி முடித்திருந்தார் ஆபீசர். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், கொஞ்சம் மனசு வைங்க..."

"இவ்வளவு நேரமா இங்கயேதானம்மா உக்காந்திருக்கேன்! என்மேல ஒரு பொட்டுக் கரி விழுந்துச்சா?"

அப்போதுதான் அண்ணி அவருடைய தோளைப் பார்த்தாள். மிளகுத்தூளைத் தூவியதுபோல் இருந்தது. அவள் பார்வை போன இடத்தை ஆபீசர் அவசரமாகத் தட்டிவிட்டார்; தட்டிய இடமெல்லாம் கறுப்பாக இழுவிக்கொண்டது.

கோட்டுக்காக அவர் கையை நீட்டினார். நாத்தனார் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இப்ப இன்னொரு போட்டோ எடுங்க!"