மான் மேய்ந்த இடம்

வெர்னா கத்தியை என் பக்கம் நீட்டினாள்.

"காலேஜ்காரி, நீயே தொறந்து பாரு. உனக்குத்தான இதெல்லாம் பாடம்."

வாங்கிக்கொண்டேன். ஆண்மான் ஓக் சருகுகளின் மேல் பக்கவாட்டில் கிடந்தது. உடலிலிருந்து இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

வெர்னா அப்பாவின் இரண்டாவது மனைவி. அப்பாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மேடு ஏற முடியாது. அவள் சுட்ட மானை இழுத்துவர என்னை அனுப்பினார். அப்படியே அவளிடம் ஒரு வார்த்தையாவது பேசிப் பார் என்றும் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டைவிட்டுப் போகிறேன். பெட்டிகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது.

காரணம் பூக்கள்.

அம்மாவின் கல்லறை இந்தச் சரிவின் உச்சியில், எங்கள் நிலத்திலேயே இருக்கிறது. அங்கே வேறு கல்லறை இல்லை. நான் வைக்கும் சிவப்பு ரோஜாக்கள் மறுநாள் இருக்காது. தகர ஜாடி மட்டும் சாயாமல் நிற்கும்.

மான் தின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓக் கொட்டை உதிரும் காலத்தில் மான் வேறு எதையும் ஏறெடுத்துப் பார்க்காது என்பது எங்கள் மலையில் வேதவாக்கு.

வெர்னா தினமும் விடியுமுன்னே துப்பாக்கியோடு அந்த வழியாகத்தான் காட்டுக்குள் போவாள். பூக்களை எடுப்பது நீயா என்று நான் அவளைக் கேட்டதில்லை. அவளும் எதுவும் சொன்னதில்லை. மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அப்பா வழியாகத்தான் கேட்டுக்கொள்வோம்.

மானைச் சுட்டால் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கயிறு கட்டுவோம். இன்று அது எங்கே மேய்ந்தது என்று தெரிந்தால், நாளை எங்கே காத்திருப்பது என்று தெரியும்.

முதல் இரைப்பையைக் கீறினேன். புளித்த வாடை.

மேலே ஓக் கொட்டைத் துண்டுகள். வெள்ளை ஓக். துவர்ப்பு குறைவு என்பதால் மான்கள் முதலில் அதைத்தான் தின்று தீர்க்கும். சிவப்பு ஓக்கைப் பனிக்காலத்துக்கு விட்டுவைக்கும். ஓடைக்கரைப் பெரிய மரம்தான் என்று வெர்னா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நாளைக்கான இடம் கிடைத்துவிட்டது.

நான் நிறுத்தவில்லை. அதன் கீழே தீவனப்புல், கொஞ்சம் காளான். அதற்கும் கீழே சிவப்பாக ஏதோ.

ரத்தம் என்று நினைத்துப் புட்டியிலிருந்த தண்ணீரை விட்டேன். போகவில்லை.

ஒன்றை எடுத்து உள்ளங்கையில் விரித்தேன். ரோஜா இதழ். மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது. அது எதையும் நறுக்காது, பிய்க்கும். இதழின் அடிப்பக்கம் பிய்ந்து நாராக இருந்தது.

நேற்று மாலை நான் வைத்தது.

காரில் இருக்கும் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. வெர்னாவை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவள் என் கையிலிருந்த இதழைப் பார்த்தாள். பிறகு கத்தியை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டாள். கையுறையைக் கழற்றினாள். எதையோ தொலைத்தவள்போல, அந்தப் பச்சைக் கூழுக்குள் விரல்களைவிட்டுத் தேடினாள்.

கிடைத்ததைத் தண்ணீரில் அலசி, என் இதழுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதுவும் ரோஜா இதழ்தான். வெள்ளையாக இருந்தது.

"நான் வெக்கிறத நீதான் எடுத்து வீசுறேன்னு நெனச்சிட்டிருந்தேன், பொண்ணே," என்றாள் வெர்னா.