இன்னொரு பதிவு இருக்கா?

"இதை அக்கா எப்பண்ணே பாடுனாங்க?"

அப்ரார் ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டான்.

"போறதுக்கு முந்தின வாரம். வீட்டுல பழகுறப்ப பதிவு பண்ணிருக்கா. நேத்துதான் கண்ணுல பட்டுச்சு," என்றான் ழெரோம்.

கரொலின் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பாரிஸில் வளர்ந்து, ழெரோமைக் கட்டிக்கொண்டு காரைக்கால் பக்கத்து நெரவிக்கு வந்தவள். உச்சஸ்தாயிப் பாடகி. நூறு வருடமாக யாரும் சீண்டாத பிரெஞ்சுப் பாடல்களைத் தேடியெடுத்து, கணவன் பியானோ வாசிக்க, அவள் பாடிய முதல் ஆல்பம் இது. பதினொரு பாடல்கள் முடிந்திருந்தன. பன்னிரண்டும் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் வெளியிடுவோம், இல்லையென்றால் இல்லை என்று பாரிஸ் இசை நிறுவனத்திலிருந்து எழுதிவிட்டார்கள்.

காரைக்காலில் அப்ராரின் ஸ்டூடியோவுக்கு வருவதெல்லாம் ஆட்டோவில் ஒலிபரப்பும் கடை விளம்பரங்கள். "அக்கா, இந்த மைக்குல இதுவரைக்கும் ஆடித் தள்ளுபடி தவிர ஒண்ணும் போனதில்ல," என்று முதல் நாளே சொல்லி அவளைச் சிரிக்க வைத்தவன். பிரெஞ்சு தெரியாது. ஆனால் அவள் குரல் அவனுக்கு மனப்பாடம். சந்தேகமில்லை, இது அவள்தான்.

பாடலை அனுப்பினான். செவ்வாயன்று மின்னஞ்சலில் பதில் கடிதம் வந்தது. குரல் அற்புதம், ஆனால் மூன்றாம் வரியில் ஒரு உச்சரிப்பு தமிழ்க்காரர்கள் சொல்வதுபோல் இருக்கிறது, கரொலின் இப்படிப் பாடமாட்டாளே, வேறு பதிவு இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

ழெரோம் அந்த வரியை இன்னொரு முறை ஓட்டிக் கேட்டான். "உடம்பு முடியாம பாடுனது. தேடிப் பாக்குறேன்."

மறுநாள் வேறு பதிவு கொண்டுவந்தான். மூன்றாம் வரி சுத்தமாக இருந்தது.

அடுத்த கடிதம், நடுவில் வரும் நீண்ட ஸ்வரம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்றது. வியாழக்கிழமை ழெரோம் கொண்டுவந்த பதிவில் அந்த ஸ்வரம் நீண்டது. கேட்ட அளவுக்கு, கூடாமல் குறையாமல்.

அப்ராருக்குக் கை மயிர் சிலிர்த்தது. கம்ப்யூட்டரில் செய்த குரலோ என்று துண்டு துண்டாக நறுக்கிப் பார்த்தான். இல்லை. மூச்சு இருந்தது. உதடு பிரிகிற ஈரச் சத்தம்கூட இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நீங்க போய் அவங்ககிட்ட சொல்லி, அவங்க திருத்திப் பாடிக் குடுக்குற மாதிரி இருக்கு."

"அவ நெறையப் பழகுவா," என்றான் ழெரோம். குரல் கட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிக் கடிதம். எல்லாம் சரி, கடைசி வரியில் மட்டும் ஏதோ ஹாரன் கேட்கிறது, இந்திய நேரம் நாலரைக்குள் எடுத்துத் தாருங்கள் என்றார்கள். மீன்காரர் வண்டி ஹாரன். அந்த வரிக்குப் பியானோ கிடையாது, குரல் மட்டும். ஹாரனை அழித்தால் குரலும் சேர்ந்து போனது. அப்ரார் இரண்டு மணி நேரம் போராடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். மணி நான்கு பத்து.

"முடியலண்ணே. நெரவிக்குப் போய் வேற பதிவு தேடிட்டு வரவும் நேரமில்ல. இனிமே அக்காவே வந்து பாடுனாத்தான் உண்டு."

ழெரோம் கடிகாரத்தைப் பார்த்தான். கணினித் திரையில் இருந்த அவள் பெயரைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

"மைக்கைப் போடு அப்ரார்."

"எதுக்குண்ணே?"

"போடு. நீ இந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அது மட்டும்."

பதிவறையின் கதவு சாத்திக்கொண்டது. அப்ரார் பொத்தானை அழுத்திவிட்டு, சொன்னபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். ஹெட்போனில் முதலில் வெறும் அறையின் அமைதி. பிறகு ஒரு மூச்சு.

முதல் ஒலியிலேயே கரொலின் வந்துவிட்டாள். அதே உயரம், அதே நடுக்கம், இந்த முறை ஹாரன் இல்லை. அப்ராரின் உதடுகள் தானாக ஓதத் தொடங்கின. வரி முடிவதற்குள் பொறுக்க முடியாமல் திரும்பிவிட்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ழெரோம் கண்களை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான்.