நாற்பத்தொரு குத்து

“வலது கண்ணு மூடிப்போச்சு! ஆனா மனுஷன் நிக்கிறான் பாருங்க! முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு! எதிராளி கயித்துல தொங்குறான்!”

ஃபெலெட்டி தன் உள்ளங்கையிலேயே ஓங்கிக் குத்தி முடித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மருமகன் மாக்காவை ஏளனமாகப் பார்த்தார். “இதுக்குப் பேரு ஒம்பதாவது ரவுண்டு. நீங்கள்லாம் ஆடுறது டான்ஸு.”

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆக்லாந்தில் டோங்கா குத்துச்சண்டை வீரர் கிடியோனே போட்ட சண்டை அது. தலைநகர் நுக்குஅலோஃபாவின் வானொலி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆக்லாந்து வர்ணனையைக் கேட்டுக் கேட்டு உடனுக்குடன் டோங்கா மொழியில் சொன்னவர் ஃபெலெட்டிதான். இன்றைக்கும் ஊரில் பொடிசுகள்கூட அந்த ரவுண்டை வரி பிசகாமல் ஒப்பிக்கும்.

அவர் மகளும் மாக்காவின் மனைவியுமான லெசியெலிக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் பிறந்ததும் அதே நாள். பிறந்தநாள் தவறாமல் முதலில் ஒன்பதாவது ரவுண்டு, அப்புறம்தான் கேக்.

அம்மா இருந்தவரை பெருமையாகச் சொல்வாள்: “அன்னைக்குப் பேய்க்காத்துடி. எவன் வீட்டு ரேடியோவுலயும் ஆக்லாந்து எடுக்கல, ஒரே இரைச்சல். உங்கப்பா மட்டும் இல்லேன்னா இந்த நாட்டுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

மேஜைமேல் ஒரு ஒப்பந்தத் தாள் கிடந்தது. ஆக்லாந்தில் அடுத்த மாதம் மாக்காவுக்குச் சண்டை. நாளை ஞாயிறு, அன்றைக்குப் போடும் கையெழுத்து இந்த நாட்டில் செல்லாது. திங்கள் காலை விமானத்தில் தாள் போயாக வேண்டும், அதனால் இன்று சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும்.

“உங்க கிடியோனே என் முன்னாடி நாலு ரவுண்டு தாங்குவாரா, மாமா?” மாக்கா பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டான். “கப்பல்ல கொப்பரை மூட்ட தூக்கிட்டு, அதே கையோட போய் ரிங்குல ஏறினவரு. நான் அளந்து சாப்பிடுறேன். எதிராளி எப்ப மூச்சு விடுவான்னு வீடியோவுல நூறு தடவ பாத்துட்டுப் போறேன்.”

“வீடியோ பாத்தா வீரம் வந்துடுமாடா? உங்க கிளவுஸு தலகாணி. ஒரு கீறல் விழுந்தா டாக்டர் ஓடியாரான். நீ கிடியோனே கால் தூசிக்குப் பெறுவியா?”

“இருபத்திமூணு சண்ட ஜெயிச்சிருக்கேன்!”

“ஒரு ஒம்பதாவது ரவுண்டு காட்டு, பாப்போம்!”

மாக்கா சாம்பியன் பெல்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கிய அன்றுகூட, ‘பரவால்ல தம்பி, ஆனா கிடியோனே மாதிரி வராது’ என்றுதானே ஊர் சொன்னது! அந்தக் கிடியோனேவோ ஒன்பதாவது ரவுண்டைப் பற்றி யார் கேட்டாலும் தலையைக் குனிந்து சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். பெருந்தன்மை என்று அதையும் புகழ்ந்தார்கள். அவர் இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது.

மாக்கா தாளை இழுத்தான். லெசியெலி பாய்ந்து அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

“அப்பாகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“வாய மூடு!”

“மூட மாட்டேன்! அப்பா, இவருக்கு வலது கண்ணுல பாதி தெரியல. இன்னும் ஒரு குத்து அதுல விழுந்தா மொத்தமா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிருக்காரு.”

ஃபெலெட்டியின் முகத்தில் இருந்த ஏளனம் அப்படியே நின்றுபோனது. “எந்தக் கண்ணு?” என்றார்.

“காது கேக்கலையா? வலது!”

“அதுக்கென்ன இப்ப?” மாக்கா எழுந்தே விட்டான். “அவருக்கும் அதே கண்ணுதானே! ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு நாப்பத்தொண்ணு குத்தினாரு. நான் அம்பது குத்துறேன். அப்புறம் எவன் அவர் பேர என் முன்னாடி எடுக்குறான்னு பாக்குறேன்!”

லெசியெலிக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. “போதுமாப்பா? இப்ப சந்தோஷமா? உன் வாய்தான் இவர குருடாக்கப் போவுது. இன்னொரு தடவ சொல்லேன் அந்தப் பாழாப்போன ரவுண்ட!”

கிழவரின் கை தானாகக் காதுப் பக்கம் போய், இல்லாத ஹெட்போனைத் தடவிவிட்டு இறங்கியது.

மாக்கா மனைவியின் கையை விலக்கிவிட்டுப் பேனாவைத் தாளில் வைத்தான். ‘மா’ என்று எழுதியும் விட்டான். ஃபெலெட்டி அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

“விடுங்க மாமா. நீங்க கேட்டதத்தான் செய்யப் போறேன்.”

“அன்னைக்கு மூணாவது ரவுண்டோட லைன் போச்சு.” அவருடைய வானொலிக் குரல் எங்கோ போயிருந்தது. “அதுக்கப்புறம் ஹெட்போன்ல வெறும் இரைச்சல்தான். பத்தாவது முடிஞ்சப்புறம்தான் ‘கிடியோனே ஜெயிச்சாரு’ன்னு ஒத்த வார்த்த காதுல விழுந்துச்சு.”

லெசியெலி கேட்டாள்.

“அப்ப அந்த ஒம்பதாவது ரவுண்டு?”

ஃபெலெட்டி மகளைப் பார்க்காமல் மருமகனிடமே சொன்னார்.

“அந்த நாப்பத்தொரு குத்தும் நான் அடிச்சு விட்டது, மாப்ள.”