ஜோலீனுக்கு ஓர் இடம்

அமெரிக்காவின் அயோவாவில் ஒரு பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மார்லாதான் பயிற்சியாளர். உயரமான ஜோலீனுக்கு உதவித்தொகையோடு ஒரு கல்லூரியில் இடம் வாங்க, குளிர்காலம் முழுக்க போனில் கெஞ்சிக் கெஞ்சி மார்லாவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

கடைசியில் ஹாலரன் என்ற கல்லூரிப் பயிற்சியாளர் பனியில் காரோட்டி வந்து ஆட்டத்தைப் பார்த்தார்.

"பந்தை ஜோலீன்கிட்ட கொடு!" என்று மார்லா கத்திக்கொண்டே இருந்தாள். குள்ளமான டெஸ், தானே கூடையில் போட்டிருக்கக்கூடிய பந்துகளையும் ஜோலீனுக்கே கொடுத்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஹாலரன் கைகுலுக்கினார். "ஜோலீனை எடுத்துக்கறோம். நாலு வருஷச் செலவும் எங்களோடது. அவங்க அப்பாகிட்ட இப்பதான் வாக்குக் கொடுத்துட்டு வர்றேன்."

"ரொம்ப நன்றிங்க."

"ஆனா ஆட்டத்தையே நடத்தினது அந்தக் குள்ளப் பொண்ணுதான். அவளைப் பத்தி ஏன் ஒரு வார்த்தைகூட சொல்லல?"

மார்லா பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். "அவளுக்காக நான் பேசினா நல்லா இருக்காதுங்க."

"சொல்லியிருந்தா அவளைத்தான் எடுத்திருப்பேன். இந்த வருஷம் என்கிட்ட இருந்தது ஒரே இடம்."

மார்லா காரில் ஏறினாள். சாவியைத் திருகக்கூடத் தெம்பில்லை. பக்கத்து சீட்டில் டெஸ் கணுக்காலில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஜோலீனுக்குக் கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு."

"அப்பாடா!" டெஸ் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். "அம்மா, இனிமே எனக்காகவும் யார்கிட்டயாவது பேசேன்."